ஆகாயத்தாமரை குரோமியத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது, எப்படித் தாங்குகிறது? தொட்டிச் சோதனையை முதலிலிருந்து கடைசிவரை செய்யும் முறை

முதுகலை மாணவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பு எடுக்கும் மாதத்தில் என் மேஜைக்கு வரும் பத்துத் தாள்களில் இரண்டு மூன்றாவது கன உலோகத்தை உறிஞ்சும் செடிகளைப் பற்றியதாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். அதனால் உலோகம் பெரும்பாலும் குரோமியம், செடி பெரும்பாலும் ஆகாயத்தாமரை (ஆங்கிலத்தில் வாட்டர் ஹயாசிந்த்).

சோதனை பார்க்க எளிது. தொட்டியில் உலோகக் கரைசல், அதில் செடி, இரண்டு வாரம் கழித்து அளவு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். தண்ணீரில் உலோகம் குறைந்துவிட்டால் அது செடிக்குள் போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். குறைந்தது எங்கே போனது என்று காட்டுவதுதான் இந்தச் சோதனையின் முழு வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

1. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தண்ணீரிலிருந்து எவ்வளவு குறைந்தது? குறைந்ததில் வேரில் எவ்வளவு, இலையில் எவ்வளவு? அவ்வளவையும் வைத்துக்கொண்டு செடி நலமாக இருக்கிறதா?

மூன்றாவது தாங்குதிறன், இரண்டாவது சேர்த்துவைத்தல். இவை இரண்டும் ஒன்றல்ல. உலோகத்தை உள்ளேயே விடாமல் தடுத்துத் தாங்கும் செடி உண்டு. நிறைய உள்ளே வாங்கிவிட்டு வாடிச் சாகும் செடியும் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த அளவீடு என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். செடியைக் காயவைத்த பிறகு பச்சையத்தை அளக்க முடியாது.

2. செடிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

குரோமியம் அதன் ஆக்சிஜனேற்ற நிலையைப் பொறுத்துத் தண்ணீரில் இரண்டு வடிவில் வரும். ஆறாம் நிலை குரோமியம் குரோமேட்டாகக் கரைந்து எளிதில் நகரும், நச்சும் அதிகம். மூன்றாம் நிலை குரோமியம் சாதாரண பி.எச். அளவில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலையைச் சேர்ந்த குரோமியம் சல்பேட். இதை மறந்துவிட்டு, ஆறாம் நிலையான டைகுரோமேட்டைக் கரைத்துவைத்துக்கொண்டு "தோல் கழிவுநீரில் சோதித்தோம்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

செடிக்குக் குரோமியம் தேவையில்லை. அதற்கென்று கதவும் இல்லை. ஆனால் குரோமேட் அயனி உருவத்தில் சல்பேட்டைப் போல இருக்கும். வேரில் சல்பேட்டை உள்ளே இழுக்கும் புரதங்கள் ஆள் தெரியாமல் குரோமேட்டையும் இழுத்துவிடுகின்றன. அதனால் கரைசலில் சல்பேட் கூடினால் குரோமேட் உள்ளே போவது குறையும். காட்மியம் வேறு வழியில் நுழைகிறது: இரும்பு, துத்தநாகம், கால்சியம் போகும் வழிகள்தான் அதற்கு வழி.

உள்ளே போன பிறகு நடப்பதுதான் தாங்குதிறன். முதல் தடுப்பு வேரின் செல்சுவர். அதில் உள்ள பெக்டினின் கார்பாக்சில் தொகுதிகள் நேர்மின் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும். தாண்டிப் போனதைச் செல் தனியாக விடாது. ஏதாவது ஒன்றோடு கட்டிவைக்கும். காட்மியத்துக்கு அந்தக் கட்டும் கயிறு பைட்டோகெலட்டின் என்ற சின்னப் பெப்டைடு. 1985-இல் சர்ப்பகந்தியின் வளர்ப்புச் செல்களில் கண்டுபிடிக்கப்பட்டது. குளூட்டாதயோன் என்ற இன்னும் சிறிய பெப்டைடிலிருந்து செடி இதைச் செய்துகொள்கிறது. செய்யும் நொதியைத் தூண்டிவிடுவதும் உள்ளே வந்த உலோகம்தான். கட்டியதைச் செல்லின் குமிழறைக்குள் (வாக்குவோல்) தள்ளிப் பூட்டிவிடும்.

ஆகாயத்தாமரை குரோமியத்தைக் கையாளும் விதம் இன்னும் நேரடியானது. அதன் மெல்லிய பக்க வேர்களிலேயே ஆறாம் நிலை மூன்றாம் நிலையாக மாற்றப்படுகிறது. நச்சுக் குறைந்த, நகராத வடிவம் அது. அதனால் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், இலைக்குப் போவது கொஞ்சம்தான். ஆர்செனிக்கைத் தன் இலைகளுக்கே ஏற்றிவிடும் சீனப் பிரேக் ஃபெர்ன் போன்ற செடியிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது.

ஆக, ஆகாயத்தாமரையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது வேரில் அதிகம், இலையில் குறைவு. மாறி வந்தால் உடனே மகிழ வேண்டாம், கழுவிய விதத்தைச் சந்தேகியுங்கள்.

3. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பதினைந்து லிட்டர் கொள்ளும் கருப்பு அல்லது அடர்நிறப் பிளாஸ்டிக் தொட்டிகள் இருபது. கண்ணாடித் தொட்டி அழகாக இருக்கும், ஆனால் வெயில் உள்ளே புகுந்து பாசி பிடிக்கும். பாசியும் உலோகத்தை எடுக்கும். அப்போது எடுத்தது செடியா பாசியா என்று பிரிக்க வழியில்லை.

தொட்டிகள், குப்பிகள், புனல்கள் அனைத்தையும் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். புதிதாக வாங்கியதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

பொட்டாசியம் டைகுரோமேட், ஹோக்லண்ட் ஊட்டக்கரைசலுக்கான (மண்ணில்லாமல் செடி வளர்க்கும் கரைசல்) உப்புகள், பி.எச். மீட்டர், நைட்ரைல் கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி. டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பொடியாக எடை போடும் அந்த ஐந்து நிமிடம்தான் அதிக ஆபத்து; ஒருமுறை கரைந்துவிட்டால் கையாள்வது எளிது.

அப்புறம் 200 லிட்டர் டிரம் ஒன்று, முதல் நாளே. சோதனை முடியும்போது கையில் ஏறக்குறைய 170 லிட்டர் குரோமியத் தண்ணீர் இருக்கும். அதை எங்கே வைப்பது என்று அன்றைக்கு யோசித்தால், கழுவும் தொட்டியில்தான் போய் முடியும்.

அணு உறிஞ்சல் கருவியில், அதாவது ஏ.ஏ.எஸ்.-இல், உங்களுக்கு எந்த வாரம் நேரம் கிடைக்கும் என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.

4. செடியை எங்கிருந்து எடுப்பது, எப்படிப் பழக்குவது

தொழிற்சாலைப் பக்கத்துக் குளத்தில் எடுக்காதீர்கள். அந்தச் செடி ஏற்கெனவே உலோகத்தோடுதான் வரும். கழிவு கலக்காத ஏரியில் இளஞ்செடிகளாக, பூக்காதவையாக, ஐந்தாறு இலை உள்ளவையாகப் பொறுக்குங்கள். பூத்த செடி முதிர்ந்தது, புது வேர் விடுவது குறைவு. தொட்டிக்கு 600 கிராம் பச்சை எடை என்று கணக்கு வைத்தால், கழித்துக்கட்டுவதையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடுத்துவர வேண்டும்.

ஆகாயத்தாமரையின் வேரை ஒருமுறை வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி விரித்துப் பாருங்கள். கருநீலமாக, கோழி இறகு போல நடுவே ஒரு நரம்பும் இருபுறமும் நெருக்கமான மயிர்வேர்களுமாக இருக்கும். அந்த மயிர்களுக்கு நடுவே சேறு, நத்தைமுட்டை, அழுகிய இலைத்துணுக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். குழாயடியில் தேய்த்துக் கழுவினால் மயிர்வேர் உதிர்ந்துவிடும், குரோமியத்தை மாற்றும் இடமே அதுதான். வாளித் தண்ணீரில் மெதுவாக முக்கி முக்கி எடுங்கள், ஐந்தாறு வாளி மாற்ற வேண்டியிருக்கும்.

கழுவிய செடிகளைக் கால் பங்கு வலிமை ஹோக்லண்ட் கரைசலில், பி.எச். 6 முதல் 6.5-க்குள், இரண்டு வாரம் விடுங்கள். பிடுங்கி வந்த அதிர்ச்சியிலேயே சில இலைகள் மஞ்சளாகும். பழக்காமல் நேரே உலோகத்தில் போட்டால், அந்த மஞ்சளைக் குரோமியத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

5. கரைசல் தயாரித்தல்

2.829 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், லிட்டருக்கு 1000 மி.கி. குரோமியம் உள்ள இருப்புக் கரைசல் கிடைக்கும். ஒரு கிராம் டைகுரோமேட்டை எடை போட்டுவிட்டு ஒரு கிராம் குரோமியம் என்று எழுதுவது மிகப் பொதுவான தவறு. அந்த உப்பின் எடையில் குரோமியம் 35 விழுக்காடுதான்.

பத்து லிட்டர் தொட்டிக்கு 10 மி.லி. இருப்புக் கரைசல் சேர்த்தால் லிட்டருக்கு 1 மி.கி., 50 மி.லி. சேர்த்தால் 5 மி.கி., 100 மி.லி. சேர்த்தால் 10 மி.கி. இந்த மூன்று அளவும், உலோகம் இல்லாத ஒன்றும் போதும். இந்தியாவில் குடிநீருக்கான மொத்தக் குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி., ஆறு ஏரிகளில் விடும் கழிவுநீருக்கு 2 மி.கி. நம் அளவுகள் கழிவுநீர் வரம்பின் இரு பக்கமும் விழுகின்றன. லிட்டருக்கு 100 மி.கி. என்று போட்டுச் செடியைக் கொன்று காட்டுவதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

ஊட்டக்கரைசலில் கவனம் வேண்டும். கால் பங்கு ஹோக்லண்டில் சல்பேட் லிட்டருக்கு 0.5 மில்லிமோல் இருக்கும். லிட்டருக்கு 5 மி.கி. குரோமியம் என்பது கிட்டத்தட்ட 0.1 மில்லிமோல். அதாவது கதவருகே குரோமேட்டைப் போல ஐந்து மடங்கு சல்பேட் நிற்கிறது. அதனால் உலோகம் சேர்க்கும் நாட்களில் ஊட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு வலிமைக்கு இறக்கிவிடுவது என் வழக்கம். எவ்வளவு வைத்தாலும் எல்லாத் தொட்டியிலும் ஒன்றாக வைத்து, அந்த அளவை அறிக்கையில் எழுதுங்கள்.

ஈயத்தில் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊட்டத்தில் உள்ள பாஸ்பேட்டோடு ஈயம் சேர்ந்து வெள்ளையாகப் படியும். ஒருமுறை ஒரு மாணவி ஒரே நாளில் "சார், தொண்ணூறு பர்சன்ட் போயிடுச்சு சார்" என்று ஓடிவந்தாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே செடியை எடுத்துவிட்டுத் தொட்டியைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் மெல்லிய மாவு போலப் படிந்திருந்தது. செடி எடுத்தது அதில் எவ்வளவு என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள்.

6. தொட்டிகளை அடுக்கும் வரிசை

செடியுள்ள தொட்டிகள்: நான்கு அளவுக்கும் மும்மூன்று, ஆகப் பன்னிரண்டு.

செடியில்லாத தொட்டிகள்: உலோகம் உள்ள மூன்று அளவுக்கும் இரண்டிரண்டு, ஆக ஆறு. தொட்டிச் சுவரில் ஒட்டியது, படிந்தது எல்லாம் இதில்தான் தெரியும். இடம் போதவில்லை என்று மாணவர்கள் முதலில் வெட்டுவது இந்த ஆறைத்தான். தயவுசெய்து வெட்டாதீர்கள். இது இல்லாமல் மற்றவற்றுக்கு அர்த்தம் கிடையாது.

உயிரற்ற வேர்த் தொட்டிகள்: 5 மி.கி. அளவில் இரண்டு. செடியுள்ள தொட்டியில் எவ்வளவு வேர் இருக்குமோ அவ்வளவு எடை வேரைக் கொதிநீரில் முக்கியெடுத்துப் போடுங்கள். உயிரில்லாத வேரும் செல்சுவரால் உலோகத்தைப் பிடிக்கும். உயிருள்ள வேருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர்ச்செயலின் பங்கு.

மொத்தம் இருபது. 900 மி.லி. இருப்புக் கரைசல் செலவாகும், ஒரு லிட்டர் போதும். தொட்டிகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தாமல் சீட்டுப் போட்டு இடம் மாற்றி வையுங்கள். நிழல்வலைக் குடிலில் மேற்கு ஓரத்துத் தொட்டி நடுத் தொட்டியைவிட எப்போதும் அதிகம் காயும்.

உலோகம் சேர்க்குமுன் மூன்று செடிகளைத் தனியே எடுத்துக் காயவையுங்கள். தொடக்க நாளில் செடிக்குள் எவ்வளவு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

7. தினமும் நீர்மட்டம்

தொட்டியின் உட்புறம் பத்து லிட்டர் மட்டத்தில் கோடு போடுங்கள். தினமும் காலையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகாயத்தாமரை இலை வழியாக நிறையத் தண்ணீரை வெளியேற்றும். வேலூர் வெயிலில் பத்து லிட்டர் ஒரு வாரத்தில் ஆறு லிட்டராவது சாதாரணம். கணக்குக்கு ஒரு உதாரணம்: தொடக்கத்தில் லிட்டருக்கு 5 மி.கி., பத்து லிட்டர், மொத்தம் 50 மி.கி. செடி எடுத்தபின் தண்ணீரில் 24 மி.கி. மிச்சம். நீர்மட்டத்தைச் சரிசெய்திருந்தால் லிட்டருக்கு 2.4 மி.கி. என்று வரும், 52 விழுக்காடு குறைந்தது. சரிசெய்யாமல் ஆறு லிட்டரில் அளந்தால் 4 மி.கி. வரும், 20 விழுக்காடுதான் குறைந்தது என்று எழுதுவீர்கள். ஒரே செடி, ஒரே உலோகம், முடிவு மட்டும் வேறு.

8. தண்ணீர் மாதிரி எடுப்பது

0, 1, 3, 7, 14-ஆம் நாட்களில், நீர்மட்டத்தைச் சரிசெய்து, மெதுவாகக் கலக்கி, அரை மணி கழித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் 20 மி.லி.க்கு மேல் வேண்டாம். எடுத்த அளவைக் குறித்துவையுங்கள், கடைசிக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து இரண்டு குப்பியாகப் பிரியுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான குப்பியில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுபோங்கள். இல்லையென்றால் உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டும். ஆறாம் நிலைக்கான குப்பியில் அமிலம் விடவே கூடாது. வேரிலிருந்து கசிந்த கரிமப் பொருட்கள் அமிலத்தில் அதை மூன்றாம் நிலையாக மாற்றிவிடும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் டைஃபீனைல்கார்பசைடு (ஆறாம் நிலையோடு சேர்ந்து நிறம் காட்டும் வேதிப்பொருள்) முறையில் 540 நானோமீட்டரில் அளந்துவிடுங்கள். ஊதா கலந்த சிவப்பு நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி செய்யுங்கள்.

ஆறாம் நிலை குறைந்து மொத்தக் குரோமியம் அப்படியே இருந்தால், மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது, அகற்றம் நடக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினாலே உங்கள் ப்ராஜெக்டுக்கு மதிப்பு இருக்கிறது.

9. தாங்குகிறதா என்று பார்ப்பது

பச்சை எடையை 0, 7, 14-ஆம் நாட்களில் எடுங்கள். செடியை வலைமீது வைத்து ஐந்து நிமிடம் வடியவிட்டுத்தான் எடை போட வேண்டும். இலைக்காம்பின் பஞ்சிலும் வேரிலும் தேங்கும் தண்ணீர் எடையைத் தாறுமாறாக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஐந்து நிமிடம்.

வேருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கூடுதல் இளஞ்செடியின் வேர்களை அடியோடு நறுக்கிவிட்டு மிதக்கவிடுங்கள். ஏழு நாளில் புதிதாக விட்ட வேரின் நீளத்தை அளந்து, உலோகமில்லாத தொட்டியின் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பாதிப்பை முதலில் வாங்கும் உறுப்பு வேர். இலை பச்சையாக இருக்கும்போதே இந்த எண் சரிய ஆரம்பித்துவிடும்.

பச்சையத்துக்கு நடுவயது இலையில் 0.1 கிராம் எடுத்து 80 விழுக்காடு அசிட்டோனில் இருட்டில் பிழிந்து 645, 663 நானோமீட்டர்களில் படியுங்கள். 645-இன் அளவை 20.2-ஆலும் 663-இன் அளவை 8.02-ஆலும் பெருக்கிக் கூட்டினால் சாற்றில் லிட்டருக்கு எத்தனை மி.கி. பச்சையம் என்று வரும். எல்லாத் தொட்டியிலும் நுனியிலிருந்து ஒரே எண்ணிக்கையில் உள்ள இலையையே பறியுங்கள். இளந்தளிரையும் முற்றிய இலையையும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

10. அறுவடை, கழுவுதல், காயவைத்தல், பொடித்தல்

பதினான்காம் நாள் செடியை எடுத்ததும் வேரையும் மேற்பகுதியையும் உடனே வெட்டிப் பிரித்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் வேர்த் தண்ணீர் இலையில் வழியும். நான்கு சொட்டு போதும், இலையில் இருக்கும் கொஞ்சக் குரோமியத்தை இரட்டிப்பாக்கிக் காட்ட.

இலையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். வேரை மூன்று வாளியில் மாற்றி மாற்றி முக்குங்கள். காட்மியம், ஈயம் என்றால், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.யின் லிட்டருக்கு 10 மில்லிமோல் கரைசலில் பதினைந்து நிமிடம் வைத்து, வெளியே ஒட்டியதை நீக்கலாம். வேரில் படிந்த மூன்றாம் நிலை குரோமியம் இ.டி.டி.ஏ.க்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது. எனவே குரோமியத்தில் வரும் வேர் அளவை "வேரினுள்ளும் வேர்மேலும்" என்றே எழுதுங்கள். அதுதான் நேர்மையானது.

70 டிகிரியில் 48 மணி நேரம், எடை மாறாமல் நிற்கும்வரை காயவையுங்கள். ஆகாயத்தாமரை தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். 600 கிராம் செடி காய்ந்து நாற்பது கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் பயப்பட வேண்டாம்.

இப்போது பொடிக்க வேண்டும். மிக்ஸியில் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் இருக்கின்றன. காய்ந்த வேர் நார் நாராக இருக்கும், பிளேடைத் தேய்க்கும். இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உலோகமே சேர்க்காத தொட்டியின் இலையில் குரோமியம் வந்து, தண்ணீர், அமிலம், குப்பி என்று மூன்று வாரம் தேடிய பிறகுதான் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வாங்கிவந்த மிக்ஸி நினைவுக்கு வந்தது. பீங்கான் உரலில் இடியுங்கள். கை வலிக்கும், ஆனால் எண் சரியாக வரும். முதலில் உலோகமற்ற தொட்டியின் செடி, அப்புறம் குறைந்த அளவு, கடைசியில் அதிக அளவு என்ற வரிசையில் இடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

11. அமிலத்தில் கரைத்தல்

0.5 கிராம் பொடி, 10 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம், ஓர் இரவு புகைக்கூண்டுக்குள் அப்படியே விடுங்கள். மறுநாள் 95 டிகிரியில் மெதுவாகச் சூடாக்குங்கள். நேரே கொதிக்கவிட்டால் நுரை பொங்கி மாதிரி வெளியே போகும். பழுப்புப் புகை அடங்கியதும் ஆறவிட்டு, 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக 2 மி.லி. விட்டு மறுபடி சூடாக்குங்கள். தெளிந்த வெளிர்மஞ்சளாக வந்ததும் வாட்மேன் 42 தாளில் வடித்து 50 மி.லி.க்கு நிரப்புங்கள்.

பழைய குறிப்புகளில் பெர்குளோரிக் அமிலம் சொல்லியிருக்கும். அதற்கென்று அமைத்த புகைக்கூண்டு இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம், கரிமப் பொருளோடு சேர்ந்து வெடிக்கும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் பொடியில்லாத வெற்றுக் குப்பி ஒன்றும், தெரிந்த அளவு குரோமியம் சேர்த்த பொடி ஒன்றும் வையுங்கள். சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று தெரியாமல் மற்ற எண்களை நம்ப முடியாது. ஏ.ஏ.எஸ்.-இல் குரோமியத்தை 357.9 நானோமீட்டரில் படிக்க வேண்டும். தரக்கரைசல்களின் எல்லையைத் தாண்டும் மாதிரியை நீர்த்துவிட்டுப் படியுங்கள்.

12. கணக்கு

கருவி காட்டும் அளவை நிரப்பிய மி.லி.யால் பெருக்கி, எடுத்த கிராமால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை மி.கி. என்று வரும். வேர் மாதிரி ஐந்து மடங்கு நீர்த்த பிறகு 3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 15. ஐம்பதால் பெருக்கி 0.5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 1500 மி.கி. இலை 1 காட்டினால் 100 மி.கி.

இப்போது இருப்புக் கணக்கு. இதுவும் உதாரண எண்கள்தான். உலர்ந்த வேர் 12 கிராம், அதில் 18 மி.கி. உலர்ந்த மேற்பகுதி 30 கிராம், அதில் 3 மி.கி. தண்ணீரில் மிச்சம் 24 மி.கி. கூட்டினால் 45 மி.கி. போட்டது 50. ஆக 90 விழுக்காடு கணக்கில் வந்துவிட்டது. மீதி எடுத்த மாதிரிகளிலும் தொட்டிச் சுவரிலும் உதிர்ந்த வேரிலும் இருக்கும். எண்பதுக்குக் கீழே போனால் ஏதோ ஒரு படியில் ஓட்டை இருக்கிறது. நூற்றுப்பத்தைத் தாண்டினால் வெளியிலிருந்து குரோமியம் வந்திருக்கிறது.

செறிவுக் காரணி: வேரின் 1500-ஐத் தொடக்கக் கரைசலின் 5-ஆல் வகுத்தால் 300. இடமாற்றக் காரணி: மேற்பகுதியின் 100-ஐ வேரின் 1500-ஆல் வகுத்தால் 0.07. முதல் எண் பெரிது, இரண்டாவது சிறிது. உலோகத்தை வேரில் பிடித்துவைத்துத் தாங்கும் செடியின் அடையாளம் இது.

வேரில் 1500 வந்துவிட்டது என்று ஆகாயத்தாமரையைக் குரோமிய மிகைசேகரிப்பி (ஹைப்பர் அக்யூமுலேட்டர்) என்று எழுதாதீர்கள். அந்தப் பெயருக்குப் பார்ப்பது இலையை, அதுவும் இயற்கையான வாழிடத்தில் வளர்ந்த செடியின் இலையை. குரோமியத்துக்கு இப்போது கொள்ளும் வரம்பு உலர் இலையில் கிலோவுக்கு 300 மி.கி. ஆய்வகத் தொட்டியில் நாமே கரைத்து ஊற்றிக் கிடைத்த எண் அதற்குச் சான்றாகாது.

நிஜத் தோல் கழிவுநீருக்கு அடுத்த கட்டமாகப் போக நினைத்தால், முதலில் உப்பை அளந்து பாருங்கள். தோலை ஊறவைத்த நீரில் கறி உப்பு மிக அதிகம், ஆகாயத்தாமரை உப்பைத் தாங்காது. நீர்க்காமல் ஊற்றினால் குரோமியம் தன் வேலையைக் காட்டுமுன் உப்பே செடியை முடித்துவிடும்.

13. மிச்சத்தை என்ன செய்வது

செடியின் எந்தத் துண்டையும் எருக்குழியில் போடக்கூடாது, மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது, குளத்தில் விடக்கூடாது. எரிக்கவும் வேண்டாம். சாம்பலின் காரத்தோடு சூடாகும்போது மூன்றாம் நிலை குரோமியம் மறுபடி ஆறாம் நிலையாகலாம். செடி பாதுகாப்பாக்கி வைத்ததை நாம் கிளப்பிவிட்டதாகும்.

டிரம்மில் சேர்த்த தண்ணீரைத் திறந்தவெளியில் வைத்து, கந்தக அமிலத்தால் பி.எச். 2.5-க்குக் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கந்தக டை ஆக்சைடு கிளம்பும், காற்று அதை அடித்துக்கொண்டு வரும் பக்கம் நிற்காதீர்கள். டைஃபீனைல்கார்பசைடு விட்டுப் பார்த்து ஊதா நிறம் வராதபோது ஆறாம் நிலை தீர்ந்தது. பிறகு சுண்ணாம்புப்பால் சேர்த்து பி.எச். 8.5-க்கு ஏற்றினால் குரோமியம் பச்சை சாம்பல் நிறச் சேறாகப் படியும். ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரில் குரோமியத்தை அளந்து வரம்புக்குள் இருந்தால்தான் வெளியேற்றலாம்.

சேறு, வடிதாள், இடித்த பொடியின் மிச்சம், காய்ந்த செடி அனைத்தையும் இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, உலோகத்தின் பெயரும் எடையும் தேதியும் எழுதி, கல்லூரியின் அபாயக் கழிவுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்கு அனுப்பும்வரை அது பூட்டிய அறையில் இருக்க வேண்டும். அனுப்பிய ரசீதின் நகலை ப்ராஜெக்ட் அறிக்கையின் பின்னிணைப்பில் வைக்கச் சொல்வேன். அது இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.